அக்கி கண்டவரிடம் கேட்கவேண்டிய கேள்வி

முப்பது வயதுக்காரருக்கு விலாவின் ஒரு பக்கம் மட்டும் கொப்புளங்கள் பட்டையாகக் கிளம்பித் தீயாய் எரிந்தால், பெங்களூருவின் சிவாஜிநகர், அல்சூர் தமிழர்கள் அக்கி என்பார்கள். காவி குழைத்து எழுத ஆள் தேடுவார்கள். கன்னடர்களுக்கு அது சர்ப்ப சுத்து. டாக்டரிடம் போனாலும் பல சமயம் களிம்போடு முடிந்துவிடுகிறது. இந்த வயதில் ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பெங்களூருவின் ஒவ்வொரு கிளினிக்கிலும் அது கேட்கப்பட வேண்டும், எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் அங்கேயே வழி சொல்ல வேண்டும்.

சின்னம்மை ஆறினாலும் அதன் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஆயுள் முழுக்கத் தங்கிவிடுகிறது. எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால் ஒரு நரம்பின் வழியே வெளிவருகிறது. அதுவே அக்கி. முதியவர்களுக்கு இது வருவது சகஜம். இளையவருக்கு வந்தால் எச்.ஐ.வி. காரணமாக இருக்கலாம், எதிர்ப்புச் சக்தி தரும் சிடி4 அணுக்கள் வெகுவாகக் குறையும் முன்பேகூட வருவதுண்டு. உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி.யை நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறது. அக்கி இரண்டாம் கட்டத்து அறிகுறி. உதட்டிலோ பிறப்புறுப்பிலோ ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வேறொரு வைரஸின் புண் ஒரு மாதம் தாண்டியும் ஆறாவிட்டால் அது நான்காம் கட்டம். இரண்டாவதில் கண்டுபிடிக்கக்கூடியவரை நான்காவது வரை விட்டுவைப்பது மன்னிக்க முடியாத அலட்சியம்.

கேட்டால் நோயாளி கோபித்துக்கொள்வாரே என்று டாக்டர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் 2018 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி. சட்டம் சம்மதமின்றிப் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியிடக் கூடாது என்கிறது. இந்தப் பாதுகாப்பு இருப்பதால் தனியறையில், பக்குவமாகக் கேட்டால் போதும்.

எச்.ஐ.வி. உறுதியானாலும் சிகிச்சை உண்டு. 2004 ஏப்ரலில் நாட்டில் அந்த வைரஸைக் கட்டுப்படுத்தும் இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை தொடங்கியபோது முதல் மையங்களில் ஒன்று இந்நகரின் பௌரிங் மருத்துவமனையில் அமைந்தது. 2017 முதல் சிடி4 எண்ணிக்கை எதுவானாலும் மாத்திரை உண்டு. அந்த மாத்திரை தொடங்கிய சில வாரங்களில், எதிர்ப்புச் சக்தி மீளும்போதே அக்கி கிளம்பலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து நிறுத்திவிடக் கூடாது. இதை முதல் நாளே சொல்லி அனுப்புவது மையங்களின் கடமை.

அக்கிக்கான அசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். ஆகவே நகரிலுள்ள அரசின் நம்ம கிளினிக்குகளில் அது எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். அக்கிக்கான புதிய தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. இரண்டு தவணை, ஒவ்வொன்றும் பல ஆயிரம் ரூபாய். ஏ.ஆர்.டி. மையங்களில் பதிவானவர்களுக்கு கர்நாடக அரசு அதை இலவசமாகப் போட வேண்டும்.

வாசகர்களே, நெற்றியிலோ கண்ணருகிலோ கொப்புளம் கண்டால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள், பார்வை போய்விடக்கூடும். எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. அழையுங்கள்.