மூன்று வட்டம், ஒரு பெருக்கல் குறி

“இது பையன்களுக்கான கதை. பிடிக்கவில்லை என்றால் படிக்காதே.” ‘ஒன் பீஸ்’ என்ற ஜப்பானியப் படக்கதையைப் பற்றி ஒரு பெண் கேள்வி கேட்டால் ரசிகர்களிடமிருந்து வரும் முதல் பதில் இது. இரண்டாவது பதில், “வெறும் படக்கதைதானே, இதில் போய் என்ன ஆராய்ச்சி?” மூன்றாவது, “அது ஜப்பானியப் பண்பாடு, உனக்குப் புரியாது.” மூன்றும் எடுபடாதபோது ஒரு தேர்வு வைப்பார்கள். “நீ நிஜமான ரசிகையா? அப்படியானால் இதற்குப் பதில் சொல்.” இந்த நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஒரு கதையின் மீது யாருக்கு உரிமை உண்டு என்ற பழைய சண்டைதான் இங்கே புதிய உடுப்பில் நடக்கிறது.

படிக்காதவர்களுக்காகச் சில வரிகள். எய்ச்சிரோ ஓடா என்ற ஓவியர் 1997 ஜூலையில் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ வார இதழில் இதைத் தொடங்கினார். லூஃபி என்ற பையன் கடற்கொள்ளையரின் அரசனாக வேண்டும் என்று புறப்படுகிறான், வழியில் தோழர்களைச் சேர்த்துக்கொள்கிறான். நூறு தொகுதிகளைத் தாண்டியும் கதை முடியவில்லை. உலகெங்கும் 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சாகியிருக்கிறது. இதைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டுப் போக என்னால் முடியாது. நல்ல கதை இது. நல்ல கதை என்பதால்தான் இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

நாமியை எடுத்துக்கொள்வோம். வளர்ப்புத் தாய் தன் கண்ணெதிரே கொல்லப்பட்ட பிறகு, கொன்றவனுக்கே கடல் வரைபடம் வரைந்து கொடுக்கும் சிறுமி அவள். பத்துக் கோடி சேர்த்தால் அவளுடைய ஊரை விட்டுவிடுவதாக அவன் வாக்குக் கொடுக்கிறான். எட்டு ஆண்டுகள் திருடித் திருடிச் சேர்க்கிறாள். கடைசியில் அந்தப் பணத்தையும் கடற்படை அதிகாரி ஒருவனை வைத்துப் பறித்துவிடுகிறான். தோளில் அவன் குத்திய பச்சையைத் தன் கத்தியாலேயே குத்திக் குத்திக் கிழித்துக்கொள்கிறாள். வாழ்நாள் முழுக்க யாரிடமும் கேட்காத உதவியை அப்போதுதான் லூஃபியிடம் கேட்கிறாள். உழைப்பைச் சுரண்டுகிறவன் அந்த உடலின் மீதும் தன் முத்திரையைப் பதிக்கிறான் என்பதைச் சிறுவர் இதழில் இவ்வளவு நேராகச் சொன்ன பக்கங்கள் குறைவு.

நிக்கோ ராபினும் அப்படித்தான். தடைசெய்யப்பட்ட பழங்காலக் கல்லெழுத்துகளைப் படிக்கத் தெரிந்த அறிஞர்களின் தீவை உலக அரசு குண்டு போட்டு அழிக்கிறது. தப்பிய ஒரே ஒரு சிறுமிக்கு வயது எட்டு. அவள் தலைக்கு 7 கோடியே 90 லட்சம் விலை வைக்கிறார்கள். அவள் செய்த குற்றம், படிக்கத் தெரிந்தது. தமிழ் இலக்கியமும் கல்வெட்டும் படித்து வந்த எனக்கு இந்தப் பாத்திரம் ஏன் நெருக்கமானது என்று விளக்க வேண்டியதில்லை.

இதே ஓடாதான், ஒவ்வொரு தொகுதியிலும் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதியில், பெண்ணுடலை எப்படி வரைவது என்பதற்கு ஒரு சூத்திரம் தந்தார்: மூன்று வட்டம், ஒரு பெருக்கல் குறி. வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் பக்கங்களைப் புரட்டினால் அது வேடிக்கையாக இல்லை. இந்தக் கதையில் ஆண்களின் உடல்களைப் பாருங்கள். எலும்புக்கூடு இசைக்கலைஞன் இருக்கிறான், பாதி இயந்திரமான தச்சன் இருக்கிறான், நீள மூக்கன், மலை போன்ற அரக்கன், பீப்பாய் போன்ற கிழவன் எல்லாரும் இருக்கிறார்கள். ஆணுடலுக்கு வடிவம் வரம்பற்றது. இளம் பெண்களுக்கோ பெரும்பாலும் அதே மூன்று வட்டமும் அதே பெருக்கல் குறியும்தான். முடியின் நிறம் மட்டும் மாறும். கதையின் தொடக்கத்தில் வரும் ஆல்விடா என்ற பருமனான கொள்ளைக்காரி, ஒரு மாயப்பழம் தின்று ‘அழகி’யாகி அந்த அச்சுக்குள் வந்து சேர்கிறாள். மரியாதையாக நடத்தப்படுவதும் அதற்குப் பிறகுதான். பிக் மாம், மருத்துவர் குரேஹா போன்ற விதிவிலக்குகள் உண்டு, மறுக்கவில்லை. அவர்கள் முதியவர்கள். அதாவது, பார்வைக்கு விருந்தாக வேண்டிய கடமையிலிருந்து வயது அவர்களுக்கு விடுதலை கொடுத்துவிட்டது.

அடுத்து குயினா. வாள்வீரன் ஸோரோவின் சிறுவயதுத் தோழி, அவனுடைய குருவின் மகள். இருவரும் 2001 முறை மோதுகிறார்கள், 2001 முறையும் அவளே வெல்கிறாள். வென்ற இரவில் அவள் அழுகிறாள். பெண் வளர வளர ஆணைவிட வலுவிழந்துவிடுவாள், உலகின் சிறந்த வாள்வீரர் ஆக முடியாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஸோரோ கோபப்படுகிறான். நாளைக்கு நான் உன்னை வென்றால் அது என் திறமையால் என்று ஆகாதா என்று கேட்கிறான். நல்ல கேள்வி. இதற்கு அவள் வளர்ந்து, வாழ்ந்து, பதில் சொல்லியிருக்க வேண்டும். கதை என்ன செய்தது? மறுநாளே அவளை மாடிப்படியில் விழவைத்துக் கொன்றது. அவள் வாள் ஸோரோவின் இடுப்புக்கு வந்தது, அவள் கனவு ஸோரோவின் கனவாயிற்று. தோற்கடிக்க முடியாத பெண்ணைப் படிக்கட்டு தோற்கடித்தது.

இனி, முதல் பதிலுக்கு வருகிறேன். “இது பையன்களுக்கான கதை.”

‘ஷோனென்’ என்றால் சிறுவன். அது இதழ் விற்பவர்கள் வைத்த அலமாரிப் பெயர். அந்த அலமாரியை நிரப்பியதிலேயே பெண்களின் கை உண்டு. ருமிகோ தகாஹாஷி 1978 முதல் ‘ஷோனென் சண்டே’ என்ற சிறுவர் இதழில் எழுதி வரைந்து ஒரு தலைமுறையையே சிரிக்கவைத்தவர். ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’டை வரைந்த ஹிரோமு அராகாவாவின் இயற்பெயர் ஹிரோமி. ஆண்பெயராக ஒலிக்கும் புனைபெயரோடுதான் அவர் சிறுவர் இதழுக்குள் வந்தார்.

ரசிகர் பண்பாட்டைக் கட்டியவர்கள் யார்? 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவில் முதல் ‘காமிக் மார்க்கெட்’ நடந்தது. ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சிட்ட நூல்களைத் தாங்களே விற்கும் சந்தை அது. 32 குழுக்கள் கடை போட்டன, சுமார் 700 பேர் வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பள்ளி மாணவிகள். மோட்டோ ஹாகியோ, கெய்கோ தகெமியா போன்ற பெண்களின் கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள். இன்று லட்சக்கணக்கானோர் கூடும் அந்தச் சந்தைக்கு அடிக்கல் போட்டது அந்தப் பிள்ளைகளின் கைச்செலவுக் காசு. 1980களில் இதே ‘ஜம்ப்’ இதழின் கால்பந்துக் கதையான ‘கேப்டன் சுபாஸா’வை எடுத்து, அதன் பையன்களுக்கிடையே காதலை எழுதி, ரசிகர் நூல்களின் பேரலையை உண்டாக்கியவர்களும் பெண்களே. நான்கு பெண்களின் ‘கிளாம்ப்’ குழு அந்த உலகத்திலிருந்து வந்ததுதான்.

இந்த வாசகிகளுக்குக் கிடைத்த பெயர் ‘ஃபுஜோஷி’. பெண்களைக் குறிக்கும் மரியாதையான சொல்லில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றினால், அதே உச்சரிப்பில் ‘அழுகிய பெண்’ என்று வரும். அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே அதைத் தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள். ஆண் பாத்திரங்களை வைத்துக் கற்பனை செய்தால் பெண் அழுகிப்போகிறாள். பெண் பாத்திரங்களின் மார்பளவைக் கேட்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, அதற்கு அச்சில் பதிலும் வாங்குகிற ஆண் வெறும் ரசிகனாகவே இருக்கிறான். அவனுக்கு அப்படி ஒரு சொல் ஏன் பிறக்கவில்லை?

சரி, பையன்களுக்கான கதை என்றே வைத்துக்கொள்வோம். என் குற்றச்சாட்டே அதுதான். சாஞ்சி என்ற சமையல்காரன் நாயகர்களில் ஒருவன். பெண்ணை அடிக்க மாட்டான், பெண்ணைப் பட்டினி போட மாட்டான். கண்ணுக்குத் தெரியாமல் போகும் மாயப்பழம் அவனுடைய வாழ்நாள் ஆசை. எதற்கு? பெண்கள் குளிப்பதைப் பார்ப்பதற்கு. அந்தப் பழத்தைத் தின்ற அப்சலோம் என்ற வில்லன், குளித்துக்கொண்டிருந்த நாமியை உருவம் தெரியாமல் நெருங்கிச் சுவரோடு அழுத்திப் பிடிக்கிறான். சாஞ்சி அவனை அடித்து நொறுக்குகிறான். நொறுக்கும்போது சொல்லும் மனத்தாங்கல்களில் ஒன்று, தன் கனவுப் பழத்தை அவன் தின்றுவிட்டான் என்பது. பல ஆண்டுகள் கழித்து வானோ நாட்டுக் கதையில் சாஞ்சிக்கு உருவம் மறைக்கும் உடை கிடைக்கிறது. பெண்கள் குளியலறைக்குள் போகிறான். மூக்கில் ரத்தம் வழிய விழுகிறான். நாம் சிரிக்க வேண்டும்.

வில்லன் செய்தால் குற்றம், நாயகன் செய்தால் நகைச்சுவை. பத்து வயதுப் பையனுக்கு இதைத்தான் சொல்லித் தருகிறார்கள் என்றால், ‘பையன்களுக்கான கதை’ என்பது எப்படிச் சமாதானம் ஆகும்?

இரண்டாவது பதில், “வெறும் படக்கதைதானே.” இதைச் சொல்பவர்கள் யார் என்று பாருங்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டத்தையும் துழாவுபவர்கள். ஒரு கதவில் இருக்கும் சின்னம், ஓர் அட்டைப்படத்தின் மூலையில் நிற்கும் விலங்கு, பாத்திரத்தின் பெயரில் வரும் ஒற்றை எழுத்து ‘டி’ எல்லாவற்றுக்கும் கோட்பாடு வைத்திருப்பவர்கள். 2022 இல் லூஃபியின் பழத்தைப் பற்றிய உண்மை வெளிவந்தபோது, இருபது ஆண்டுப் பழைய பக்கங்களைப் புரட்டி “அப்போதே சொல்லிவிட்டார்” என்று கொண்டாடினார்கள். ஓடா எதையும் காரணமில்லாமல் வரைவதில்லை என்பது அவர்களுடைய வேதம். நாமியின் உடையை மட்டும் அவர் காரணமில்லாமல் வரைந்துவிட்டாராம். நிழலுக்கு அர்த்தம் உண்டு, மேகத்துக்கு அர்த்தம் உண்டு, பெண்ணுடலுக்கு மட்டும் அர்த்தம் கிடையாது, அதை ஆராயக் கூடாது. இந்தப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார்கள்?

மூன்றாவது, “ஜப்பானியப் பண்பாடு.” எந்த ஜப்பான்? அங்கே விற்கும் கைபேசிகளில் புகைப்படம் எடுக்கும்போது எழும் ஒலியை நிறுத்த முடியாதபடி அமைத்திருக்கிறார்கள். திருட்டுத்தனமாகப் பெண்களைப் படமெடுப்பதைத் தடுக்க உற்பத்தியாளர்கள் தாங்களாக ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. ரயிலில் கைவைப்பவர்களிடமிருந்து தப்பிக்க 2000களின் தொடக்கத்திலிருந்து பெண்களுக்கெனத் தனிப் பெட்டிகள் ஓடுகின்றன. 2023 ஜூலையில், சம்மதமின்றிப் பாலியல் நோக்கில் படமெடுப்பதை நாடு முழுவதற்கும் குற்றமாக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மறைந்திருந்து பார்ப்பது நகைச்சுவை இல்லை என்று ஜப்பானியப் பெண்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஜப்பானியப் பண்பாட்டில் சேர்த்தி இல்லையா? பண்பாடு என்றாலே ஆண்களின் வழக்கம் என்று எழுதிவைத்தது யார்? இந்தச் சாக்கு நமக்கும் புதிதல்ல. எந்த ஊர்ப் பெண் கேள்வி கேட்டாலும் அந்த ஊர்ப் பண்பாடு ஓடிவந்து குறுக்கே நிற்கும்.

கடைசியாக, தேர்வு. என் வகுப்பில் இந்தக் கதையைத் தொடர்ந்து படிக்கும் மாணவிகள் இருக்கிறார்கள். படிப்பதாகச் சொன்னதும் கூடப் படிக்கும் பையன்கள் வினாத்தாளோடு வந்துவிடுவார்கள் என்று சொல்கிறார்கள். எத்தனையாவது அத்தியாயம், யாருடைய தலைக்கு எவ்வளவு விலை, எந்தப் பழத்துக்கு என்ன பெயர். பையன் ஒருவன் “நானும் படிக்கிறேன்” என்றால் தோளில் கைபோட்டு வரவேற்பார்களாம். பெண் என்றால் நுழைவுத் தேர்வு. தேறினாலும் சந்தேகம் தீராது, “அண்ணன் படித்திருப்பான், கேட்டுச் சொல்கிறாள்.” தேர்வு வைப்பவனை யாரும் தேர்வு செய்வதில்லை. படிக்கத் தெரிந்ததற்காக ஒரு சிறுமியை வேட்டையாடிய அரசை எதிர்த்துப் போர் தொடுக்கும் கதையைப் படித்துவிட்டு, படிக்க வந்த பெண்ணை வாசலில் நிறுத்திவைக்கிறார்கள். ராபினுக்காக அழுதவர்கள் அவளை எங்கே படித்தார்கள் என்றே தெரியவில்லை.

“அப்படியானால் தடைசெய்யச் சொல்கிறாயா?” என்று கேட்பார்கள். இல்லை. ஒரு பக்கத்தையும் கிழிக்கச் சொல்லவில்லை. மாணவிகளிடம் படிக்காதே என்றும் சொல்ல மாட்டேன். நாமியின் அழுகையை எழுதத் தெரிந்த கை, அவளை மூன்று வட்டமாக வரைந்தால் போதும் என்று நினைத்ததை நாங்கள் பேசுவோம். அதைப் பேசுவதும் ரசனைதான். குறையைச் சொல்பவள் கதையை வெறுக்கிறாள் என்பது, பக்தியைத் தவிர வேறு வாசிப்பை அறியாதவர்களின் வாதம்.

இதைப் படிக்கிற பெண்ணே, அடுத்த முறை எவனாவது உனக்குத் தேர்வு வைத்தால் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதே. நீ ஒரு கேள்வி கேள். 2001 முறை வென்ற குயினா ஏன் படிக்கட்டில் விழுந்து சாக வேண்டியிருந்தது? அவன் யோசித்துச் சொல்லட்டும்.