கொல்லிப்பாவைக்குப் பசி கிடையாது

பிராம் ஸ்டோக்கரின் 'தி லேடி ஆஃப் த ஷ்ரௌட்' நாவலைத் தூக்கிப் பிடித்து நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். டிராகுலாவைப் படைத்தவர் எழுதியதாம், அதனால் நல்ல நாவலாம். பிடிக்காதவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லையாம். அதே வழியில் சங்கப் பாடல்களில் வரும் கொல்லிமலைப் பாவையை ரத்தக்காட்டேரியாக்கித் தமிழிலும் ஒரு நாவல் வர வேண்டுமாம். முதல் வாதம் சோம்பேறித்தனம். கடைசி யோசனை அக்கிரமம்.

1909-இல் வந்த அந்த நாவலில் உயிருள்ள இடம் ஒன்று உண்டு. மலைநாட்டுக் கோட்டை, நள்ளிரவு. சவச்சீலை சுற்றிய பெண்ணொருத்தி சொட்டச் சொட்ட நனைந்து வந்து, நெருப்பருகே குளிர்காய இடம் கேட்கிறாள். படிக்கிறவனுக்கு முதுகு சில்லிடுகிறது. பிறகு ஸ்டோக்கரே அந்தப் பயத்தைக் கொன்றுவிடுகிறார். அவள் பேயே இல்லையாம். செத்துப்போனதாக ஊர் நம்பிய பெரிய வீட்டுப் பெண், அரசியல் காரணத்துக்காகப் பிணமாக நடிக்கிறாளாம். அதற்கப்புறம் துருக்கியர், கடத்தல், ஆகாய விமானம், பால்கன் அரசியல். 1897-இல் டிராகுலா எழுதினார் என்பதற்காக இதையும் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டுமா? புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' 1943-இல் வந்தது. அதில் வரும் பெண் மனுஷியா பேயா என்று அவர் கடைசிவரை உடைத்துச் சொல்லவில்லை. அந்தத் துணிச்சல் ஸ்டோக்கருக்கு இந்த நாவலில் இல்லை.

இனி பாவைக்கு வருவோம். சிரித்து மயக்கிக் கொல்கிறாள், ஆகவே காட்டேரி என்கிறார் நண்பர். சங்கப் பாடல்களைப் புரட்டியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். நற்றிணை 201-இல் பரணர் காட்டும் பாவை, காற்று மோதினாலும் மழை கொட்டினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் வடிவம் குலையாதவள். குறுந்தொகை 100-இல் கபிலர் தலைவியின் அழகுக்கு அவளைத்தான் உவமை சொல்கிறார். நற்றிணை 192 அவளை இளவெயிலோடு சேர்த்துப் பேசுகிறது. வெயில் பட்டால் சாம்பலாகும் சினிமாக் காட்டேரிக்கும் இவளுக்கும் என்ன உறவு? இந்தப் பாட்டுகளில் பாவை ரத்தம் குடிப்பதாக ஒரு வரி இல்லை.

காட்டேரி பசியால் வாழ்வது. அது பிழைக்க இன்னொருவர் கழுத்து வேண்டும். பாவைக்கு யாரும் வேண்டாம். தெய்வமோ பூதமோ செய்துவைத்த உரு அவள். எதிரே நிற்பவன் வாழ்ந்தாலும் செத்தாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. அவளைப் பற்றி வழங்கும் கதையில் வருவதுபோல் அசுரர்களைச் சிரித்தே அழிக்கும்போதும் அவளுக்கு அவர்களிடமிருந்து எதுவும் தேவைப்படவில்லை. அவள் தரும் பயத்தின் ஆழம் அங்கே இருக்கிறது. அவளுக்குப் பசியைக் கொடுத்தால் அந்தப் பயம் போய்விடும். மிஞ்சுவது ஐரோப்பாவிலிருந்து இரவல் வாங்கிய கோரைப்பல். பேயல்லாத பெண்ணுக்குச் சவச்சீலை போர்த்தி ஸ்டோக்கர் சறுக்கிய அதே இடத்துக்குத்தான் நண்பர் தமிழ் நாவலைக் கூப்பிடுகிறார்.

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால், அவளை எட்டுக்கை அம்மனாக இன்றும் கும்பிடுகிற கோயில் இருக்கிறது. அந்த மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் விதைத்து வாழும் மலையாளிப் பழங்குடியினர் இருக்கிறார்கள். நண்பரின் கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுத உட்காரும் முன் அவர்களில் ஒருவரிடமாவது அவர் கேட்டிருக்க வேண்டும்.