பருவமும் இடமும்

மக்கள் வாழ்வைப் பருவங்களாகப் பகுத்துக் காணுதல் நம் முன்னோர்க்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ், மூன்றாந் திங்கள் முதல் இருபத்தோராந் திங்கள் வரை குழவியின் வளர்ச்சியைக் காப்பு முதலாகப் பத்துப் பருவங்களில் வைத்துப் பாடும். உலா, மகளிரைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுவகையினராக வகுக்கும். மேனாட்டு உளநூலறிஞர் எரிக் எரிக்சன், பிறப்பு முதல் முதுமைகாறும் மனித வாழ்வை எட்டுப் படிகளாக்கி 1950ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். ஒவ்வொரு படியிலும் ஒரு போராட்டம் உண்டு. அதன் முடிவு ஒருவனது மனவலியை மட்டுமன்றி, அவனைச் சூழ்ந்த சமுதாயத்தையும் பொறுத்தது என்பது அவர் கொள்கை.

இதனை விளக்க இக்காலத்துச் சித்திரப் படங்கள் பெரிதும் பயன்படுகின்றன. 'ஃபைண்டிங் நீமோ' (2003) என்னும் படத்தில், தந்தையின் அச்சத்தை மீறித் தானே முயல விழையும் சிறு மீன் மூன்றாம் படிக்குச் சான்றாகும். 'இன்சைடு அவுட் 2' (2024) காட்டும் பதின்மூன்று வயதுச் சிறுமி ரைலி, 'நான் யார்?' என்று கலங்கும் ஐந்தாம் படியில் நிற்கிறாள். 'அப்' (2009) படத்து முதியவர் கார்ல், சென்ற வாழ்வை எண்ணி ஏங்கிப் பின் அமைதியுறும் இறுதிப் படியினர்.

இப்படங்களைக் கண்டு மகிழும் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். நீமோவுக்குப் பவளப்பாறை உண்டு. ரைலிக்கு ஹாக்கித் திடல் உண்டு. கார்லுக்கு மனைவியுடன் வாழ்ந்த இல்லம் உண்டு. பருவம் என்பது வயது மட்டுமன்று. அதற்குரிய இடமும் ஆகும் என்பதே நம் துணிபு.

பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவத்துக்கு மணல் வேண்டும். இராயபுரத்துக் குழந்தைக்கு மணல் எங்கே? 1876 முதல் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. வடக்கு நோக்கி நகரும் மணல் அவற்றால் தடைப்பட்டது. தெற்கே மெரினாக் கரை அகன்றது. வடக்கே இராயபுரக் கரையைக் கடல் அரித்தது. நகரத்தார் உலாவும் மணல்வெளியும், வடபகுதியார் காணும் கருங்கற் குவியலும் ஒரே செயலின் இரு விளைவுகளே.

எரிக்சன் கூறும் முதற்படி, உலகம் நம்பத்தக்கது என்னும் உணர்ச்சி. 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில் எண்ணூரில் அம்மோனியா வாயு கசிய, மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினர். தான் சுவாசிக்கும் காற்றையே ஐயுறும் ஊரில் அந்நம்பிக்கை எங்ஙனம் வேரூன்றும்? இளமையிலோ, தொழிலில் அமைவதன்முன் தன்னைத் தேடிக்கொள்ள ஓர் இடைவேளை வேண்டும் என்றார் அவர். தந்தையிடம் வலை பின்னக் கற்பதை நாம் இகழவில்லை. அதுவும் நான்காம் படிக்குரிய செயலாற்றலே. ஆயினும் குடும்பத்தின் பசியால் படகுக்கோ பட்டறைக்கோ விரையும் இளைஞனுக்கு அவ்விடைவேளை கிட்டுவதில்லை.

'இத்தகைய இடங்களிலிருந்தும் மேன்மக்கள் தோன்றுகின்றனரே' என்பார் உளர். பாறை இடுக்கிலும் செடி முளைப்பதுண்டு. அதனால் பாறையை வயல் என்று எவரும் கூறார்.

எருசலேமின் மீட்பைத் தரிசித்த சகரியா தீர்க்கதரிசி, அதன் அடையாளமாகக் கண்டவை கோபுரங்கள் அல்ல; வீதிகளில் கோலூன்றி அமர்ந்திருக்கும் முதியோரும், அங்கே விளையாடும் சிறுவர் சிறுமியருமே. ஆதலின், ஆலைக்கும் துறைமுகத்துக்கும் நிலம் அளப்போர், குழந்தைக்கு ஒரு திடலும், இளைஞனுக்கு ஒரு நூல்நிலையமும், முதியோர்க்கு ஒரு நிழலும் முதலில் அளந்து வைத்தல் வேண்டும். கற்றவராகிய நாமும் அவ்வளவு கேட்கத் தயங்கலாகாது. எட்டுப் படிகளையும் ஏட்டில் ஒப்பித்துத் தேர்வில் வெல்லுதல் எளிது. அப்படிகளில் ஏற ஒரு குழந்தைக்கு நிலம் தருவதே கல்வியின் பயன்.