பொங்கலுக்கு ஏன் வயிற்றுவலி?



ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு நம் மக்களின் நல்லது கெட்டது எல்லாம் ஜன்னல் வழியாகவே தெரிந்துவிடும். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு, எந்தக் கோயிலில் கொடை என்பதைப் பாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். 2025 மார்ச்சில் ஒருநாள், தாராவியில் தெருத்தெருவாக இட்லி விற்கும் நெல்லைச் சீமைக்காரர் ஒருவர் நான்கு டிக்கெட்டுகளை ஜன்னலுக்குள் தள்ளினார்.

"அண்ணாச்சி, நாலையும் கேன்சல் பண்ணிருங்க. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போலாம்னு எடுத்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சையைத் தள்ளிட்டாவ."

அந்த ஆண்டு உத்திரம் ஏப்ரல் 11-ல் வந்தது. பிப்ரவரி முதல் வாரத்தில், அரை நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வரிசையில் நின்று எடுத்த டிக்கெட் அது. மார்ச்சில் மகாராஷ்டிர மாநிலம் முழுமைக்கும் உத்தரவு வருகிறது: 1 முதல் 9 வரையுள்ள வகுப்புகளுக்குத் தேர்வு ஏப்ரல் 8 முதல் 25 வரை. ரத்துக் கட்டணம் போக மீதியை எண்ணிக் கொடுத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு மனம் ஆறியிருக்கும்.

அந்த உத்தரவில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஏப்ரல் தொடக்கத்திலேயே தேர்வை முடித்துவிட்டு மிச்ச நாட்களைப் பேருக்கு ஓட்டிய பள்ளிகள் உண்டு. ஏழைப் பிள்ளைக்குப் பாடம் கிடைக்கும் நாள் ஒன்றுகூட வீணாகக் கூடாது. என் கேள்வி, இதை முந்திய ஜூனிலேயே சொல்வதற்கு என்ன தடை என்பதுதான். 2015 முதல் 120 நாளாக இருந்த ரயில் முன்பதிவுக் காலம், 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகிவிட்டது. அறுபது நாளுக்கு முன்னால் தேதி தெரியாதவனுக்கு நாகர்கோவில் வண்டியிலும் இடமில்லை, தாதர்-திருநெல்வேலி வண்டியிலும் இடமில்லை. தட்கலில் நான்கு பேருக்கு எடுக்க இட்லிக் காசு தாங்குமா?

இது கோடைக் கதை. தைப்பொங்கலின் கதை இன்னும் வேடிக்கையானது. ஊரிலே பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று மூன்று நாள் அரசு விடுமுறை. இங்கே 2026-ல் பொங்கல் நாளான ஜனவரி 15 அன்று நமக்கு விடுமுறை கிடைத்தது. எப்படி? அன்றைக்கு மாநகராட்சித் தேர்தல் வாக்குப்பதிவு! வாக்குச்சாவடி புண்ணியத்தில் பால் பொங்கியது. அடுத்த தைக்கு யார் தேர்தல் வைக்கப் போகிறார்கள்?

மற்ற ஆண்டுகளில் நாம் என்ன செய்கிறோம்? பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொண்டு, மறுநாள் "வயிற்றுவலி", "காய்ச்சல்" என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். பொங்கலன்று பொய் சொல்ல நாமே கற்றுக்கொடுக்கிறோம். நானும் என் மகனுக்கு அப்படி எழுதியவன்தான், மறைப்பானேன்? இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. பள்ளிப் பதிவேட்டைப் புரட்டும் அதிகாரிக்கு ஜனவரி நடுவில் வயிற்றுவலிதான் தெரியுமே தவிரப் பொங்கல் தெரியாது. "உங்கள் ஆட்கள் யாரும் கேட்கவில்லையே" என்று அவர் சொன்னால், காகிதத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி.

கேட்டால் கிடைக்குமா? சட்டத்தைப் பாருங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு உள்ளாட்சியின் கடமைகளை அடுக்குகிறது. இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பது அதில் ஒன்று. கல்வியாண்டின் நாட்காட்டியை முடிவு செய்வதும் அதே பிரிவில் இன்னொன்று. நம் பிள்ளையும் நாட்காட்டியும் ஒரே பட்டியலில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கூடுதலாக ஒரு நாளும் நாம் கேட்கவில்லை. இந்த மாநிலத்துப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு 76 நாளுக்கு மேல் விடுமுறை கூடாது, வேலை நாள் 230-க்குக் குறையக் கூடாது என்பது விதி. கணக்குப் போடுங்கள்: ஞாயிறு 52, விடுமுறை 76, இரண்டும் போனால் 237. விடுமுறை பற்றி வரும் அரசுச் சுற்றறிக்கைகளில் வழக்கமாக இடம்பெறும் வரி ஒன்று உண்டு. கோடை, தீபாவளி ஆகிய நீண்ட விடுமுறைகளைக் குறைத்துக்கொண்டு, அந்த நாட்களைக் கணேசோற்சவம், கிறிஸ்துமஸ் போன்ற பண்டிகைகளுக்குக் கல்வி அதிகாரியின் அனுமதியோடு விட்டுக்கொள்ளலாம் என்பதே அது. "போன்ற" என்ற அந்தச் சொல்லுக்குள் பொங்கலுக்கு இடமில்லையா? தீபாவளி விடுமுறையில் இரண்டு நாளைக் குறைத்துக்கொண்டு, மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளுக்குத் தையில் இரண்டு நாள் கொடுங்கள் என்கிறோம். கஜானாவுக்குக் காலணா செலவில்லை.

"ஒவ்வொரு மொழிக்காரனும் கேட்க ஆரம்பித்தால்?" என்பார்கள். கேட்கட்டும். 76-க்குள் அவரவர் பள்ளி மாற்றிக்கொள்வதில் யாருக்கு நட்டம்? விதர்பாவில் வெயில் கடுமை என்பதால் அங்கே பள்ளி திறப்பது மற்ற பகுதிகளைவிடத் தள்ளித்தான். வெயிலுக்கு வளைகிற நாட்காட்டி மனிதனுக்கும் வளையலாம். ஒன்றை மறந்துவிடாதீர்கள், இது மராட்டியத் தோழர்களுக்கு எதிரான பேச்சு அல்ல. கணபதி நேரத்தில் கொங்கணத்துக்கு ஓடும் சிறப்பு ரயில்களுக்கு நானே டிக்கெட் கொடுத்திருக்கிறேன். ஊருக்குப் போய்ப் பண்டிகை கொண்டாடாவிட்டால் மனசு என்ன பாடுபடும் என்பது இந்த நகரத்துக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நம்மவர்களிடமும் ஒரு சண்டை எனக்கு உண்டு. கொடைக்கென்று போய், அப்படியே சொந்தக்காரர் கல்யாணம், காதுகுத்து என்று மூன்று வாரம் இருந்துவிட்டு, தகவலே இல்லாமல் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை பின்னப் பாடத்தில் உட்கார்ந்திருந்த இடம் காலி. திரும்பி வந்தால் வகுப்பு சதவீதத்தில் நிற்கிறது. அதை எந்த நாட்காட்டியும் சரிசெய்யாது.

2022 மார்ச் முதல் மாநகராட்சி நிர்வாகியின் கையில் இருந்தது. மனுவை யாரிடம் கொடுப்பது என்றே தெரியாமல் அலைந்தோம். தேர்தல் நடந்தபின் வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இருக்கிறார். பள்ளி நிர்வாகக் குழுவும் இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்கவேண்டும் என்பது சட்டம். நம் தாய்மார்கள் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடாமல் இரண்டு தீர்மானம் கேளுங்கள். ஒன்று, தீபாவளி விடுமுறையிலிருந்து பொங்கலுக்கு இரண்டு நாள். மற்றொன்று, தேர்வு முடியும் தேதி எழுத்தில், தொண்ணூறு நாளுக்கு முன்பே.

வரும் தையில் விடுமுறை வந்தாலும் வராவிட்டாலும், பிள்ளையை நிறுத்தினால் சீட்டில் "பொங்கல்" என்றே எழுதிக் கொடுங்கள். அதன் நகல் ஒன்றைச் சங்க வாசகசாலையில் ஞாயிறு காலை சேர்த்துவிடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன். பத்து மணிமுதல் அங்கேதான் இருப்பேன். கட்டு கனமானதும் வார்டுக் கல்வி அலுவலகத்துக்கு எல்லோரும் சேர்ந்து எடுத்துப் போவோம்.