கப்பல் மேல ஒரு கேமரா

பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுத உனக்கு என்னடா தகுதி என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே ஒரு கும்பிடு. தகுதி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன் :-)

எங்கள் வகுப்பில் நாலு பேர் சொகுசுக் கப்பலில் போய் டைம்லாப்ஸ் எடுக்கப் பணம் சேர்க்கிறார்கள். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டீலியாவின் 'எம்ப்ரஸ்' கிளம்பிய செய்தியைப் பார்த்தபோது பிடித்த ஆசை. போகட்டும், பொறாமை எல்லாம் இல்லை (கொஞ்சம் இருக்கிறது).

கணக்கு சுலபம். பத்து நொடிக்கு ஒரு படம் என்றால் ஒரு நாளைக்கு 8,640 படம். நொடிக்கு 30 படம் வீதம் ஓட்டினால் ஐந்து நிமிடம்கூட வராது. கஷ்டம் வேறு இடத்தில். தரையில் ஸ்டாண்டை ஊன்றிவிட்டால் மேகம்தான் நகரும். கப்பலில் ஸ்டாண்டும் சேர்ந்து ஆடும். எஞ்சின் அதிர்வு வேறு. உப்புக்காற்று லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும். இரவில் நட்சத்திரம் எடுக்க ஷட்டரை அதிக நேரம் திறந்துவைத்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் புழு மாதிரி நெளிந்திருக்கும். சொகுசுக் கப்பலில் இன்னொரு தொல்லை, மேல்தளம் முழுக்கக் கல்யாண வீடு மாதிரி விளக்கு.

இவ்வளவும் சமாளித்து எடுத்துவிட்டு நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? சூரியோதயம், துறைமுகம், சூரிய அஸ்தமனம். நடுவில் இருக்கும் வெறுங்கடலை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். என் சண்டை இதோடுதான்.

ஜெஃப்ரி சாங் என்ற கப்பல்காரர் 2017இல் வெளியிட்ட வீடியோவைப் பாருங்கள். சரக்குக் கப்பலில் 30 நாள், சுமார் 80,000 படங்கள். செங்கடலில் தொடங்கி கொழும்பு, மலாக்கா நீரிணை, சிங்கப்பூர் வழியாக ஹாங்காங் வரை. மழை வரும், போகும். கொழும்பில் பெட்டிகளை ஏற்றுவதும் இறக்குவதும் நடக்கும். நடுக்கடலில் ஒன்றுமே நடக்காது, வானம் மட்டும் சுழலும். அந்த ஒன்றுமே நடக்காத இடத்தில்தான் கடல் எவ்வளவு பெரிசு என்று எனக்கு உறைத்தது.

அந்த மலாக்கா வழிக்கும் நமக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்துக்குப் போன பக்கம் அது. அவர் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் இன்றைக்கு அரியலூர் மாவட்டம்.

இப்போது தகுதிக்கு வருகிறேன். கடற்கரை இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். ஆனால் சுமார் பத்து கோடி ஆண்டுக்கு முன்னால் நாம் இருக்கும் இந்தப் பக்கமே கடல்தான். காரை பக்கம் போனால் ஓடை ஓடையாக அரித்த வெற்று நிலம். அந்த மண்ணிலிருந்து கிடைப்பது கடல் பிராணிகளின் படிவங்கள். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது. அரியலூர் கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லில் சிப்பி சிப்பியாக ஒட்டியிருக்கும்.

ஆயிரம் ஆண்டுக்கு ஒரு படம் என்று அந்தக் காலத்திலிருந்து இங்கே ஒரு கேமரா ஓடியிருந்தால்? மொத்தம் ஒரு லட்சம் படம், கிட்டத்தட்ட சாங் எடுத்த அளவு. ஓட்டிப் பார்க்க 55 நிமிடம். கடல் உள்ளே வரும், பின்வாங்கும், மறுபடி வரும், ஒருநாள் போயே போய்விடும். ராஜேந்திரன் கடைசிப் படத்தில் வருவார். சிமெண்டுக்காக நாம் தோண்டிய குழிகள் அந்த ஒரு படத்தின் சின்ன ஓரம்கூட இல்லை. அந்த ஓரத்துக்குள்தான் சிப்பிக்கல் லாரி லாரியாகப் போய்க்கொண்டிருக்கிறது. வீடு கட்ட சிமெண்ட் எனக்கும் வேண்டும், மறுக்கவில்லை. குழி வளர்வதை யாராவது ஒரே இடத்தில் நின்று எடுத்துவைக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி.

உண்டியல் நண்பர்களே, கப்பலுக்குக் காசு சேரும்வரை மாதம் ஒரு ஞாயிறு என்னோடு வாருங்கள். சாலையோரம் நின்றாலே ஒரு குழியின் விளிம்பு தெரிகிற இடம் ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன். கால் வைக்கும் இடத்தில் சுண்ணாம்பால் குறியும் போட்டாயிற்று. இதுவரை மூன்று படம். நொடிக்கு 30 வீதம் பார்த்தால் இன்னும் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை.