பனிக்கட்டியில் நடத்தல்: சப்பாத்தின் மேல் மாட்டும் பிடிமானப் பட்டைகள்

குளிர்காலச் சப்பாத்து என்று விற்கப்படுபவை எல்லாம் பனிக்கட்டியில் வழுக்காதவை என்று எண்ணிவிடாதீர்கள். ரொறன்ரோ புனர்வாழ்வு நிறுவனம் 2016இல் 98 வகைச் சப்பாத்துகளின் சோதனை முடிவை வெளியிட்டது. அவற்றுள் தேறியவை 8 விழுக்காடு மட்டுமே. தேர்வும் கடுமையானதன்று: 7 பாகை சாய்ந்த பனிக்கட்டியில் வழுக்காமல் நடக்க முடிந்தாலே போதும்.

எனவே சப்பாத்தின் மேல் இழுத்து மாட்டும் இறப்பர்ப் பட்டைகள் பலருக்கும் தேவைப்படுகின்றன. அவற்றின் அடியில் உலோக முனைகளோ சுருள்கம்பிகளோ இருக்கும். முன்பாதத்துக்கு மட்டும் அமைந்தவற்றைத் தவிருங்கள். அடியெடுத்து வைக்கையில் முதலில் நிலத்தைத் தொடுவது குதிகாலே. கடுங்குளிர் நாளைவிட, வெப்பநிலை 0 பாகையை ஒட்டி, பனிக்கட்டியின் மேல் நீர் படர்ந்திருக்கும் நாளே அதிகம் வழுக்கும்.

பலர் தவறுவது வாசலில்தான். வெளியே காத்த அதே உலோக முனை, ஓடு பதித்த தரையில் சறுக்கிவிடும். உள்ளே நுழையுமுன் பட்டையைக் கழற்றுங்கள். நின்று குனிந்தன்று, அமர்ந்து. இதற்கு விரல்களில் வலிமை வேண்டும். மூட்டுவாதம் உள்ளவருக்குப் பராமரிப்பவர் மாட்டிவிடலாம்; ஆனால் மருந்தகத்தின் வாசலில் கழற்றிவிடுபவர் யார்? தனியே செல்பவருக்குப் பட்டையைவிட, அத்தகைய சோதனையில் தேறிய சப்பாத்தே ஏற்றது என்பது என் கருத்து. கைத்தடிக்கு மடக்கக்கூடிய கூர்முனையும் கிடைக்கிறது.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லாவிடினும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.