தைலம் தேய்ச்சது போதும்... மானிட்டரை நகர்த்துங்க!

உங்க வீட்டிலும் ஒருத்தர் இருப்பார். மகனோ, மகளோ, மருமகளோ... காலை ஒன்பது மணிக்கு டைனிங் டேபிளில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால், விளக்கு வைக்கிற நேரம் வரை எழுந்திருக்க மாட்டார். ராத்திரி, 'கழுத்துல கொஞ்சம் தைலம் தேய்ச்சு விடுங்களேன்' என்று வந்து நிற்பார்.

நீங்களும் தேய்ப்பீர்கள். தலையணையை மாற்றுவீர்கள். 'ஏ.ஸி. காத்துதான் ஒத்துக்கலை' என்பீர்கள். தலையணை என்ன பாவம் செய்தது?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, ஆபீஸ் வேலை வீட்டுக்கு வந்தது. ஆபீஸ் மேஜையும் நாற்காலியும் கூட வரவில்லை! 'கொஞ்ச நாளைக்குத்தானே' என்று ஆரம்பித்த ஏற்பாடு, பல வீடுகளில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

லேப்டாப்பில் ஸ்கிரீனும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். ஸ்கிரீன் கண் மட்டத்தில் இருக்கணும். கீபோர்டு முழங்கை மட்டத்தில் இருக்கணும். ஒட்டியிருக்கிற வரை இரண்டும் நடக்காது. ஒன்று கழுத்து குனியும், இல்லாவிட்டால் தோள் தூக்கிக்கொள்ளும். நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. 2014-ல் நியூயார்க் முதுகுத்தண்டு சர்ஜன் ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னார்... 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் விழும் பளு சுமார் 27 கிலோ. ஒரு அரிசிச் சிப்பத்துக்கும் மேலே! அது செல்போன் பார்க்கிறவர்களுக்கான கணக்கு. லேப்டாப்புக்கு அவ்வளவு குனிவதில்லை, வாஸ்தவம்தான். ஆனால், எட்டு மணி நேரம் குனிகிறோமே?

எங்க வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் மருமகள் கணக்கு வேலை பார்க்கிறாள். வீட்டு லேப்டாப்பிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வேலை செய்கிற 'ரிமோட் டெஸ்க்டாப்' ஏற்பாடு. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கிறதே என்று தனியாக ஒரு பெரிய மானிட்டர் வாங்கினோம். இடமில்லாததால் வலப்பக்கம் வைத்தாள். மூன்றாவது மாதம், கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் வலி. பிசியோதெரபிஸ்ட் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டாவது மானிட்டர் எந்தப் பக்கம்மா இருக்கு?"

நாள் முழுக்க வேலை நடந்தது பெரிய மானிட்டரில். உடம்பு லேப்டாப்பைப் பார்த்து, தலை மட்டும் வலப்பக்கம் திரும்பி... எட்டு மணி நேரம்! அன்றைக்கே பெரியதை நேர் எதிரே நகர்த்தினோம். கை நீட்டினால் விரல் நுனி தொடுகிற தூரம், மேல் விளிம்பு கண் மட்டம். லேப்டாப் பக்கத்தில், சற்றே சாய்வாக. அவர் சொல்லிக் கொடுத்த பயிற்சியையும் செய்தாள். சில வாரங்களில் தைல பாட்டில் அலமாரிக்குள் போய்விட்டது.

இரண்டு மானிட்டரையும் சரிபாதி நேரம் பார்ப்பவர் என்றால், இரண்டும் சேருகிற கோடு மூக்குக்கு நேரே வரட்டும்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் இணையும் முன், 'டிஸ்ப்ளே' பகுதியில் எல்லா மானிட்டரையும் பயன்படுத்து என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்தால் ஆபீஸ் திரை இரண்டிலும் விரியும். எழுத்து சின்னதாகத் தெரிந்தால், முதலில் நம் கம்ப்யூட்டரில் அளவை 125 அல்லது 150 சதவீதம் ஆக்கிவிட்டு இணையுங்கள். புதிய விண்டோஸில் பெரும்பாலும் அங்கேயும் பெரிதாகிவிடும். இது தெரியாமல் மூக்கு ஸ்கிரீனில் இடிக்கிற அளவுக்குக் குனிகிறவர்கள் எத்தனை பேர்!

கீபோர்டு ரகளை தனி. 'அட்' குறியை அடித்தால் மேற்கோள் குறி விழும், பாஸ்வேர்ட் சரி என்றாலும் கதவு திறக்காது, பி.பி. மட்டும் ஏறும். ஒரு பக்கம் அமெரிக்க அமைப்பு, மறுபக்கம் பிரிட்டிஷ் அமைப்பு என்று இருப்பதுதான் காரணம். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் சண்டை தீரும். அப்புறம், கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் நம் கம்ப்யூட்டருக்குத்தான் போகும். ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கன்ட்ரோல்-ஆல்ட்-எண்ட்.

தனி கீபோர்டு வாங்கினால், பின்னால் இருக்கும் குட்டிக் கால்களை நிமிர்த்தாதீர்கள். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். மவுஸ் கீபோர்டை ஒட்டியே இருக்கட்டும்.

சாதாரண கீபோர்டும் மவுஸும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. 'அதான் லேப்டாப்லயே இருக்கே, எதுக்குத் தண்டச் செலவு?' என்று முதலில் சொன்னது... நான்தான்! தவணையில் பெரிய டி.வி. வாங்கும்போது எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. இன்னொன்றும் கண்ணில் படுகிறது. ஆண்பிள்ளைக்குப் பெட்ரூமில் மேஜை, நாற்காலி. மருமகளுக்கு சமையலறை வாசலில் ஸ்டூல், இல்லாவிட்டால் கட்டில். வலி மட்டும் ஆள் பார்த்தா வருகிறது? இடத்தையும் கரன்ட்டையும் மிச்சம் பிடிக்கிற கம்பெனிகளிடமும் மானிட்டர் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன?

ஒரு எச்சரிக்கை. விரல் மரத்துப்போனால், கையில் பிடிமானம் குறைந்தால், மேஜையை நகர்த்திக்கொண்டு இருக்காதீர்கள். நேரே டாக்டரிடம் போங்கள்.

லேப்டாப்பை உயர்த்த ஸ்டாண்டு வாங்கத் தேவையில்லை. எங்க வீட்டில் என் கணவரின் தடிமனான டிக்ஷனரிகள் இரண்டு அடியில் இருக்கின்றன. இப்போதெல்லாம் அவருக்கு ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பார்க்கணும் என்றால், மருமகளின் லஞ்ச் டைம் வரை காத்திருக்கிறார்!